மச்ச வாளியும் சைவ வாளியும்

நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த ஆய்வுகூடக் கட்டடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்களாம். அதற்கு முன் பழைய ஆட்களைக் கூப்பிட்டு வைனும் சீஸும் கொடுத்து வழியனுப்ப ஓர் ஏற்பாடு. அழைப்போடு ஒரு வேண்டுகோளும் வந்தது. அங்கே நடந்த மகிழ்ச்சியான சம்பவம் ஒன்றை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டுமாம், சுவரில் ஒட்டுவார்களாம். இடிக்கப் போகிற சுவரில் ஒட்டுவதற்கு மகிழ்ச்சியான சம்பவம். நல்ல காரியம்தான்.

"நாங்கள் தீன் அறையில் நிறையச் சிரித்தோம்" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். அது பொய்யில்லை. ஆனால் எதற்குச் சிரித்தோம், அந்தச் சிரிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்று எழுதியிருந்தால் ஒருவருக்கும் வைன் தொண்டைக்குள் இறங்கியிராது. அதைத் தமிழில் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்தவள் நான். ஊரில் விலங்கியல் படித்த பட்டத்துக்கு இங்கே கிடைத்த மரியாதை எலிக்கூடு கழுவும் வேலை. கழுவினேன். பிறகு எலி பிடிக்கப் பழகினேன், ஊசி போடப் பழகினேன், ஈரல் எடுக்கப் பழகினேன். மாலை வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழும் வாங்கினேன். என் பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான். கடிபட்ட தழும்பு பெருவிரலில் இன்னும் கிடக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னை டொக்டர் பிரைஸின் குழுவுக்கு மாற்றினார்கள். வேல்ஸ் பக்கத்துப் பெண்மணி, ஒல்லி, தன் கண்ணாடிக் குழாய்களைத் தானே கழுவுகிறவர். வருடக்கணக்காக எலியோடு புழங்கியதில் எலியே அவருக்கு ஒவ்வாமையாகிப் போயிருந்தது. நிலத்துக்குக் கீழே இருந்த எலி வீட்டுக்கு இறங்கினால் கண் சிவந்து, மூக்கு அடைத்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். அதனால் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் நடத்தினார்.

அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் "காட்டு." குழாய் கழுவியாயிற்று என்றால், காட்டு. எலி மெலிந்துவிட்டது என்றால், காட்டு. பேராசிரியரே வந்து நல்ல முடிவு கிடைத்திருக்கிறது என்று சொன்னாலும் அதே சொல்தான். கோபமாகச் சொல்ல மாட்டார். பிஸ்கட் கேட்கிற பிள்ளை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு சொல்வார். காட்டினால் நன்றி சொல்வார். எனக்கு வாய் நீளம், பல மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்த மனுசியோடு மட்டும் சண்டை பிடிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவரிடம் ஆராய்ச்சி மாணவனாக வந்தவன் நேசன். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவன். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், வந்த அன்றே அக்கா என்று கூப்பிட்டான். மனைவி வசந்தியும் சின்ன மகள் ஆரணியும் ஊரில். அங்கே சண்டை. நேசனின் மாணவ விசா படிப்போடு முடிந்துவிடும். ஆனால் ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்த மருந்துக் கம்பனி, முடிவு நல்லபடி வந்தால் அவனைத் தன் ஆய்வுகூடத்தில் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. வேலை வந்தால் விசா வரும். விசா வந்தால் வசந்தியும் பிள்ளையும் வருவார்கள். எல்லாம் அந்த எலிகளின் ஈரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவை பிறவியிலேயே பசி அடங்காத எலிகள். வயிறு நிறைந்தது என்ற செய்தி அவற்றின் மூளைக்குப் போய்ச் சேராது. தின்று தின்று, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்குக் கொழுத்துவிடும். அப்படிக் கொழுத்த உடம்புக்குள், இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி, கொழுப்பு ஒட்சிசனால் பழுதாகிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க ஒரு மருந்து. கொழுப்பமிலம்தான், ஆனால் அதன் சங்கிலியில் ஓரிடத்தில் ஒரு கந்தக அணுவைச் செருகிச் செய்தது. உடம்பு அதை எரிக்கப் போய்க் கந்தகத்தில் முட்டுப்பட்டு நிற்கும். நேசன் அதைத் தன் கையாலேயே செய்தான். வெள்ளை மெழுகு போல இருக்கும்.

தீன் கலப்பது எங்கள் இரண்டு பேரின் வேலை. எலி வீட்டுக்குப் பக்கத்தில் யன்னல் இல்லாத சின்ன அறை. இரண்டு பெரிய வாளி. இரண்டுக்கும் ஒரே தீன் மா, ஒரே மீன் எண்ணெய். ஒரு வாளிக்கு மருந்து, மற்றதற்கு அதே அளவு சாதாரணக் கொழுப்பமிலம். எண்ணெயில் வழக்கமாகச் சேர்க்கும் விற்றமின் ஈயைச் சேர்க்காமல் வாங்கும்படி டொக்டர் பிரைஸ் திட்டத்தில் எழுதியிருந்தார். அதுவும் கொழுப்பைக் காக்கிற சாமான், அதையும் போட்டால் மருந்து செய்த வேலை எது, அது செய்த வேலை எது என்று பிரிக்க முடியாது. நியாயமான காரணம். கைமுட்டிவரை கையுறை போட்டு, இடியப்ப மா குழைக்கிற மாதிரிக் குழைத்து, மூடி போட்டுக் குளிர் அறையில் வைப்போம். ஒரு தடவை குழைத்தால் இரண்டு கிழமைக்குப் போதும்.

சில நாள் போக ஒரு வாளியிலிருந்து மணம் கிளம்பும். வெள்ளைக்காரருக்கு அது நாற்றம். எங்களுக்கு நல்ல கருவாட்டு மணம். பக்கத்து வீட்டார் கவுன்சிலுக்கு முறைப்பாடு வைப்பார்கள் என்று கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக் குசினியில் கருவாடு பொரிக்கவே பயந்த காலம் அது. வேலை இடத்தில் சம்பளத்தோடு மணக்கக் கிடைத்தது.

"அக்கா, இதுக்குள்ள ரெண்டு கத்தரிக்காயும் கொஞ்சம் பழப்புளியும் போட்டா, சோறு காணாது," என்பான் நேசன்.

"எலிக்கு மிச்சம் வைப்பியோ?"

"அதுகள் கொழுத்ததுகள்தானே. ஒரு நாள் பட்டினி கிடக்கட்டும்."

மற்ற வாளியில் அந்த மணம் இல்லை. மருந்தின் கந்தகம் மீன் மணத்தை அமுக்குகிறது என்று நேசன் சொன்னான், அவன் இரசாயனம் படித்தவன், நானும் ஓம் என்றேன். எங்களுக்குள் அவற்றுக்குப் பெயர் விழுந்துவிட்டது. மீன் மணக்கிறது மச்ச வாளி, மணக்காதது சைவ வாளி. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய நான் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவேன், மச்சம் தொட மாட்டேன். "அக்கா, இண்டைக்கு வெள்ளி. நீங்கள் சைவத்தைப் பாருங்கோ, மச்சத்தை நான் பாக்கிறன்," என்று அவன் கையுறையைப் போடுவான். அந்த அறையில் சிரித்த அளவுக்கு நான் லண்டனில் வேறெங்கும் சிரித்ததில்லை.

எலிகளைக் கொல்லும் நாள் வந்தது. மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, திரவ நைதரசனில் தோய்த்த அலுமினியக் குறட்டால் ஈரலை ஒரே நசியாக நசித்து எடுக்க வேண்டும். சுணங்கினால் காற்றுப் பட்டு ஈரல் தானாகவே பழுதாகத் தொடங்கிவிடும், பிறகு அளப்பதில் அர்த்தமில்லை. நான் திறந்தேன், நேசன் நசித்தான். உறைந்த ஈரலை இடித்து, அமிலமும் நிறம் காட்டும் இரசாயனமும் விட்டு, சுடுதண்ணீரில் வைத்துக் கொதிக்க விடுவது அடுத்த வேலை. கொழுப்புப் பழுதாகியிருந்தால் குழாய் ரோசா நிறமாகும். பழுது கூடக் கூட நிறமும் கூடும்.

சாதாரண தீன் தின்ற எலிகளின் குழாய்கள் செம்பருத்திச் சாறு மாதிரிச் சிவந்தன. மருந்து தின்றவற்றின் குழாய்கள் வெளிறி நின்றன. இயந்திரத்தில் வைத்து அளக்காமலே தெரிந்தது. டொக்டர் பிரைஸ் கையை நீட்டினார், நேசன் காட்டினான். அவர் குழாய்களை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "நன்றி, நேசன்," என்றார். அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கம்பனிக்காரர் வேலை நிச்சயம் என்று வாயால் சொல்லிவிட்டார்கள். நேசன் அன்றே ஊருக்குத் தகவல் அனுப்பி, வசந்தியையும் பிள்ளையையும் கொழும்புக்கு வரச் சொன்னான். அவர்கள் எத்தனையோ சோதனைச் சாவடி தாண்டி வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் வேலை இடத்தைப் பார்க்க அந்தக் கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். தீன் அறைக்குள் காலை வைத்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். நேசனுக்கு அன்று உச்சி குளிர்ந்த சந்தோசம். யாரோடும் அளவோடு கதைக்கிற பொடியன், அந்த மனுசனுக்கு மச்ச வாளி, சைவ வாளிக் கதையை வெள்ளிக்கிழமை விரதத்தோடு சேர்த்து ஆங்கிலத்தில் விபரமாகச் சொன்னான். மனுசனும் விழுந்து விழுந்து சிரித்தார். மத்தியானச் சாப்பாட்டில் அதை டொக்டர் பிரைஸுக்கு அப்படியே சொல்லியிருக்கிறார்.

டொக்டர் பிரைஸ் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாராம். எங்களைக் கூப்பிட்டு, "இரண்டு வாளியையும் மேலே கொண்டு வா. காட்டு," என்றார்.

கொண்டுபோனோம். அவர் மூக்கு அடைப்புக்காரர், மணத்தை நம்பவில்லை. இரண்டு வாளியிலிருந்தும் எண்ணெயைப் பிரித்தெடுத்து அயடீன் சோதனை செய்தார். எண்ணெய் காறிப் பழுதாகியிருந்தால் கரைசல் மண்ணிறமாகும். மச்ச வாளி எண்ணெய் தேத்தண்ணீர்ச் சாயம் மாதிரி வந்தது. சைவ வாளி எண்ணெயில் சாயம் பிடித்ததா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நேசனுக்கு விளங்கிவிட்டது. அவன்தான் எனக்குத் தமிழில் சொன்னான்.

"அக்கா, அது கருவாட்டு மணமில்லை. எண்ணெய் காறின மணம். மருந்து எலிக்குள்ள வேலை செய்யேல்லை. வாளிக்குள்ள வேலை செய்திருக்கு."

விற்றமின் ஈ இல்லாத மீன் எண்ணெய் வாளிக்குள்ளேயே பழுதாகியிருக்கிறது. மருந்துக் கந்தகம் தன் வாளி எண்ணெயைப் பழுதாகாமல் காத்திருக்கிறது. பசி அடங்காத எலிகள் காறின தீனை அள்ளி அள்ளித் தின்று ஈரல் சிவந்தன, நல்ல தீன் தின்றவை வெளிறின. இந்த நாட்டில் பிறந்த எவரும் முதல் கிழமையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு இது என்ன நாற்றம் என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் கத்தரிக்காய் போடக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

நேசன் போன பிறகு நான் டொக்டர் பிரைஸின் அறைக்குப் போனேன். அவன் மனைவி பிள்ளையோடு கொழும்பில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள், விசா கையில் வரும்வரை கம்பனிக்குச் சொல்லாமல் இருக்க ஏலாதா என்று கேட்டேன். கேட்டதற்கு இன்றுவரை வெட்கப்படவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "திட்டத்தை எழுதியது நான். பிழை என்னுடையது. அதை மறைத்து வைக்க என்னால் முடியாது," என்றார். பிறகு, "திரும்பச் செய்வோம். மருந்து எலிக்குள்ளும் வேலை செய்யலாம், யாருக்குத் தெரியும்? கம்பனியைக் காத்திருக்கச் சொல்கிறேன்," என்றார்.

காத்திருக்க அவர்கள் சம்மதித்தார்கள். புதிய எலிகள் எடுத்தோம். எண்ணெயை உறைகுளிரில் வைத்து, ஒவ்வொரு நாளும் புதிதாகத் தீன் குழைத்தோம், மிஞ்சியதைக் கொட்டினோம். டொக்டர் பிரைஸ் முகமூடி போட்டுக்கொண்டு, கண்ணீர் வடிய, மூச்சு இழுக்க இழுக்கப் படியிறங்கி வந்து இரண்டு வாளியையும் பார்த்துவிட்டுப் போவார். எனக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். மூச்சு இழுக்கிற மனுசியை எப்படித் திட்டுவது?

நேசன் வாளிக்குள் குனிந்து மணந்து பார்த்தான். "ரெண்டும் சைவமாப் போச்சு, அக்கா," என்றான். நான் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளி ஆர்ச்வேயில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன். வீட்டுக்கு வந்து சொல்ல, என் மனுசன், "எலியின்ரை நட்சத்திரத்தையும் சொன்னனீரோ?" என்று கேட்டார். ஆத்திரத்தில் அன்று அவருக்குச் சாப்பாடு போடவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டார்.

இரண்டாம் தடவை குழாய்களைச் சுடுதண்ணீரிலிருந்து எடுத்தபோது நேசன் தட்டை மேசையில் வைத்துவிட்டு, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தான். ஆவி படிந்திருந்ததால் நிறம் தெரியவில்லை என்று நினைத்தானாக்கும். துடைத்து முடித்தும் எது மருந்து எது சாதாரணம் என்று பிரிக்க முடியவில்லை. மருந்து தின்னாதவையும் சேர்த்து எல்லாம் ஒரேமாதிரி வெளிறி நின்றன.

"அக்கா, எல்லாம் ஒரே நிறம்," என்றான்.

டொக்டர் பிரைஸ் வாசலில் நின்றார். அன்று மட்டும் அவர் காட்டு என்று கேட்கவில்லை. நேசன் தானாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினான்.

கம்பனி நன்றி சொல்லி விலகிக்கொண்டது. நேசனுக்குக் கலாநிதிப் பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான ஆராய்ச்சிப் பட்டம்தான் கிடைத்தது. டொக்டர் பிரைஸ் அவனுக்காக எத்தனையோ இடத்துக்கு எழுதினார், ஒன்றும் சரிவரவில்லை. பிறகு அவர் மீன் எண்ணெய்த் தீன் வாளிக்குள் காறுவதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். எங்கள் மூன்று பேரின் பெயரும் அதில் உண்டு. அதைப் படித்தபின் பல ஆய்வுகூடங்களில் தீனை அன்றன்றைக்குக் குழைக்கத் தொடங்கினார்களாம். எங்கள் குழு செய்த மிகப் பிரயோசனமான வேலை அதுதான் என்று அவர் ஒரு முறை சொன்னார், உண்மையாகவே சொன்னார். நேசனுக்கு ஒரு பிரதியை நீட்டினேன், அவன் வாங்கவில்லை.

வசந்திக்கு அவன் போன் எடுத்தபோது நான் தெருவோரத் தொலைபேசிப் பெட்டிக்கு வெளியே மழையில் குடையோடு நின்றேன். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது, எல்லாம் கேட்டது.

"நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போம்... இல்லை, இப்ப ஏலாது... வேலை கொஞ்சம் பிந்துது... நான் பிறகு கூப்பிடுறன் வசந்தி. கட்டாயம் கூப்பிடுறன்."

அவர்கள் போனார்கள். அவன் இங்கே அகதி விண்ணப்பம் போட்டான், முடிவு வர வருடக்கணக்காகியது. பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் இருந்தான். சிப்ஸும் சொக்லேற்றும் தின்று உடம்பு ஊதி, சீனி வியாதியும் வந்தது. "அக்கா, என்னையும் கூட்டுக்குள்ள போடலாம்," என்று ஒரு நாள் சொன்னான். வாயைப் பொத்தடா என்றேன். ஊரில் சனம் இடம்பெயர்ந்தபோது வசந்தி பிள்ளையோடு வன்னிக்குப் போய், மருந்தில்லாத இடத்தில் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனாள். செய்தி அவனுக்கு வரும்போது எல்லாம் முடிந்து மாதமாகியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில்தான் ஆரணி வந்து சேர்ந்தாள், தாய்மாமன் குடும்பத்தோடு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, மெலிந்து உயர்ந்து, தகப்பனோடு அதிகம் கதைக்காமல். ஒரு சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது நேசன் ஷிப்டில் இருந்து வரவில்லை. பிள்ளை சோறு வைத்துக்கொண்டு நின்றாள். நான் வெங்காயம் உரித்தேன்.

"மாமி," என்றாள். "அப்பா எங்களை ஏன் திருப்பி அனுப்பினவர்?"

நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்தேன்.

"கொழும்பில அம்மா ஒவ்வொரு நாளும் பெட்டி அடுக்கிறவ. நாளைக்கு விசா வந்தாலும் வருமெண்டு. பிறகு அப்பா போகச் சொல்லிட்டார்."

"அப்பாவைக் கேட்டனியோ?"

"கேட்டனான். பரிசோதனை சரிவரேல்லை எண்டார். அவருக்கு நாங்கள் வாறது விருப்பமில்லையோ, மாமி?"

"ஐயோ, அப்படியில்லைப் பிள்ளை," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கொழுத்த எலி, கந்தகம், மீன் எண்ணெய், இரண்டு வாளி, வெள்ளிக்கிழமை. சொல்லச் சொல்ல என் காதுக்கே விசர்க்கதை மாதிரிக் கேட்டது. பிள்ளை அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"எலியின்ரை சாப்பாடு பழுதாப் போனதாலையோ?"

"ஓம் பிள்ளை."

அகப்பையால் சோற்றைக் கிளறினாள்.

"அந்தப் பழுதான சாப்பாட்டைத் திண்டு எலியள் செத்ததுகளோ?"

"இல்லை. அதாலை ஒண்டும் சாகேல்லை. அதுகள் நல்லாத்தான் இருந்ததுகள்."

"அப்ப அம்மா மட்டும்தான்," என்றாள், திரும்பி அடுப்பைக் குறைத்தாள்.